அலுமினிய உருளையிலிருந்து கார்பன் ஃபைபர் குழாய் கழலவில்லை: உதவி தேவை

கேள்வி:
வணக்கம். 25 மி.மீ. விட்டமும் 500 மி.மீ. நீளமும் கொண்ட அலுமினிய உருளையை உள்ளச்சாக வைத்து, அதன்மேல் கார்பன் ஃபைபர் பின்னல் உறையை மூன்று அடுக்குகளாக இழுத்துப் போர்த்தி, எபாக்சி ரெசின் ஊட்டி, வெளியே ஷ்ரிங்க் டேப் (சூடாக்கினால் சுருங்கி இறுக்கும் நாடா) சுற்றிக் கேமரா முக்காலிக்கு ஒரு கால் செய்ய முயன்றேன். ஒட்டாமலிருக்க உருளைமேல் மெழுகு மூன்று முறை பூசியிருந்தேன். ஒரு நாள் அறை வெப்பநிலையில் இறுகவிட்டு, மறுநாள் 60 டிகிரியில் நான்கு மணி நேரம் சூடாக்கினேன். குழாய் நன்றாக இறுகிவிட்டது. ஆனால் உருளை இம்மியும் நகரவில்லை. தவிர, குழாயின் நடுப்பகுதியில் ஊசிமுனை அளவிலான துளைகள் கொத்தாகத் தெரிகின்றன. எங்கே தவறினேன்?

பதில்:
உருளையை எப்படி மெருகேற்றினீர்கள்? முனைகளில் ரெசின் வழிந்து உறைந்திருக்கிறதா? டேப்பை எந்தப் பக்கத்திலிருந்து சூடாக்கினீர்கள்?

கேட்டவர்:
லேத்தில் கொடுத்து, அது சுழலும்போதே 400 எண் உப்புத்தாளால் தேய்த்தேன். ஒரு முனையில் ரெசின் விளிம்பைத் தாண்டி முகப்பு வரை வழிந்திருக்கிறது. ஹீட் கன்னை (சூடான காற்றை ஊதும் கருவி) இரு முனைகளிலிருந்தும் நடுவை நோக்கிக் கொண்டுசென்றேன்.

பதில்:
மூன்று இடங்களில் சிக்கல் இருக்கிறது. சுழலும் உருளையில் உப்புத்தாள் பிடித்தால் கீறல்கள் வளையம் வளையமாக விழும். ரெசின் அவற்றில் இறங்கி உறைந்தால், திருகாணி மரைபோல, நீளவாக்கில் இழுக்கும் ஒவ்வொரு முயற்சியையும் அவை தடுக்கும். கடைசித் தேய்ப்பு எப்போதும் நீளவாக்கில்தான் இருக்க வேண்டும்.

இரண்டாவது, வெப்பம் கொடுத்த நேரம். அலுமினியம் ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு ஏறத்தாழ 23 மைக்ரான் விரியும். 45 டிகிரிக் கோணத்தில் பின்னிய கார்பன் உறை அதைவிட மிகக் குறைவாகவே விரியும். ரெசின் உறையும் முன்பே உருளை சூடாகியிருந்தால், விரிந்த அளவிலேயே குழாய் உருவாகி, குளிரும்போது இடைவெளி கிடைத்திருக்கும். ரெசின் உறைந்த பிறகு நீங்கள் சூடாக்கியதால் அந்த ஆதாயம் கிடைக்கவில்லை. (இழைகள் யாவும் நீளவாக்கில் மட்டும் இருந்தால் இந்தத் தந்திரம் பலிக்காது, குறுக்குவாக்கில் ரெசின்தான் ஆட்சி செய்யும், குழாயும் உருளையோடு சேர்ந்தே சுருங்கும்.)

மூன்றாவது, துளைகள். அவற்றுக்குக் காரணம், நடுவில் சிறைப்பட்ட காற்று. டேப்பை நடுவிலிருந்து முனைகளை நோக்கிச் சூடாக்கினால் காற்றும் மிகுதி ரெசினும் வெளியேறும்.

இப்போதைக்கு, வழிந்த முனையைச் சில மி.மீ. வெட்டி நீக்குங்கள், தண்ணீர் விட்டே வெட்டுங்கள், முகக்கவசம் கட்டாயம். பிறகு ஃப்ரீசரில் ஓர் இரவு வையுங்கள். 30 டிகிரியிலிருந்து மைனஸ் 18க்குப் போனால் விட்டம் சுமார் 0.03 மி.மீ. குறையும், சிறிதுதான், ஆனால் பல நேரங்களில் அதுவே போதும். எடுத்தவுடன், குழாய்க்குள் உலோகம் மீண்டும் சூடேறும் முன், முதலில் முறுக்குங்கள், பிறகு இழுங்கள். சுத்தியால் தட்டினால் முனையில் அடுக்குகள் பிரிந்துவிடும்.

கேட்டவர்:
கழன்றுவிட்டது! முதல் இரவு பயனளிக்கவில்லை. இரண்டாம் முறை, ஒருவர் உருளையை வைஸில் பிடிக்க, நான் ரப்பர் துணியால் குழாயைப் பற்றி முறுக்கியபோது ‘டக்’கென்று விட்டது. உள்சுவரில் டார்ச் அடித்துப் பார்த்தால், இசைத்தட்டின் வரிகளைப்போல மெல்லிய வளையங்கள் தெரிகின்றன. உருளையை 1000 எண் தாளால் நீளவாக்கில் தேய்க்கத் தொடங்கிவிட்டேன்.