மறு: அப்போப்டோசிஸ் – இரத்தக்குழாய்க் கட்டுரைக்கு என்ன சொல் போடலாம்?

> "செல் தற்கொலை" என்றே போட்டுவிடலாமே, எல்லோருக்கும் உடனே புரியும்.

குழுவினருக்கு வணக்கம். அப்போப்டோசிஸ், அதாவது செல் தனக்குள்ளேயே இருக்கும் வழிமுறைப்படி ஒழுங்காகச் சாவது, அதற்கு நம் இரத்தக்குழாய்க் கட்டுரையில் எந்தத் தமிழ்ச் சொல்லைப் போடுவது என்பதுதான் கேள்வி.

தம்பி, புரியும்தான், ஆனால் தப்பாகப் புரியும். தற்கொலை என்றால் முடிவெடுத்தது அந்தச் செல்தான் என்று ஆகிவிடுகிறது. நம் கட்டுரை சொல்வது அதுவல்ல. ஆக்சிஜனேற்றம் அடைந்த எல்டிஎல் கொழுப்பு குழாயின் உட்சுவர் செல்களைத் தாக்கும்போது அவற்றில் மிர்-365 என்ற மைக்ரோஆர்என்ஏ (மரபணுக்களின் வேலையை மட்டுப்படுத்தும் குட்டி ஆர்என்ஏ) கூடுகிறது, அது பிசிஎல்-2 என்ற காப்புப் புரதத்தின் தூது ஆர்என்ஏவில் (புரதம் செய்வதற்கான குறிப்பைச் சுமப்பது) போய் ஒட்டி உற்பத்தியைக் குறைக்கிறது, காப்பு குறையக் குறைய மைட்டோகாண்ட்ரியா கசிந்து செல்லை உள்ளிருந்தே பிரித்துப்போடும் காஸ்பேஸ் நொதிகள் வேலையைத் தொடங்கிவிடுகின்றன. சுமார் 22 எழுத்து நீளமுள்ள ஒரு துணுக்கு தராசை ஒரு பக்கம் சாய்க்கிறது, அவ்வளவுதான். அதுவும் ஒரே அடியில் இல்லை, ஒரு துணுக்கு பல மரபணுக்களைத் தொடும், ஒவ்வொன்றின் உற்பத்தியையும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்கும். இதில் தற்கொலை எங்கே வந்தது?

"திட்டமிட்ட இறப்பு" பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். அது பெயரல்ல, விளக்கம். தலைப்பில் ஒருமுறை வரலாம், பத்திக்கு நாலு முறை எழுதினால் யார் படிப்பார்கள்?

அக்கா சொன்ன "உதிர்வு" அழகான சொல், மூலத்துக்கும் நெருக்கம். 1972இல் கெர், வில்லி, கரி மூவரும் அப்போப்டோசிஸ் என்ற பெயரை முன்வைத்த கட்டுரையை எழுதியபோது, அபெர்டீன் பல்கலைக்கழகத்துக் கிரேக்கப் பேராசிரியர் ஒருவர்தான் இலையும் இதழும் உதிர்வதைக் குறிக்கும் அந்தப் பெயரை எடுத்துக் கொடுத்தார். நமக்கும் உதிர்ந்த பூவுக்கென்றே "வீ" என்று பழைய சொல் ஒன்று இருக்கிறது. ஆசைப்பட்டு, செல்லுக்கான "கலம்" என்ற சொல்லோடு அதைச் சேர்த்து "கலவீ" என்று எழுதிப் பார்த்தேன். அச்சில் ஒரு சுழி விட்டுப்போனால் மருத்துவக் கட்டுரை வேறு கட்டுரையாகிவிடும்!

ஆனால் உதிர்வில் உண்மையான சிக்கல் வேறு, அது இரத்தக்குழாயில்தான் வருகிறது. உட்சுவர் செல்கள் நிஜமாகவே உதிர்கின்றன. சுவரிலிருந்து கழன்று இரத்தத்தோடு போய்விடும், அந்த இடம் வெறுமையாகும், அங்கே தட்டணுக்கள் ஒட்டி இரத்தம் உறையும். மாரடைப்பில் ஒரு பகுதி இப்படித்தான் தொடங்குகிறது. அந்தக் கழன்று போவதற்கு உதிர்வைத் தவிர வேறு நல்ல சொல் இல்லை. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் "உதிர்வால் உதிர்வு ஏற்படுகிறது" என்று எழுத வேண்டியிருக்கும்.

என் பரிந்துரை: மடிவு. மடிதல் என்றால் சாவதும்தான், உள்ளே மடங்குவதும்தான். செல் இங்கே செய்வதும் அதே. வீங்கி வெடிப்பதில்லை, சவ்வு கிழியாமல் சுருங்கி, சிறு சிறு பொதிகளாகப் பிரிகிறது. வீங்கி வெடித்துச் சுற்றுப்புறத்தைப் புண்ணாக்கும் சாவுக்கு (நெக்ரோசிஸ்) நசிவு என்ற சொல் இருக்கிறது. ஆக மடிவு, நசிவு, உதிர்வு, மூன்றும் தனித்தனி.

கூட்டுச்சொல்லுக்கும் இது வளைகிறது. பிசிஎல்-2 மடிவுத்தடுப்புப் புரதம், அந்தப் பொதிகள் மடிவுப்பொதிகள். வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: "மடியும் உட்சுவர் செல்லின் மடிவுப்பொதிகள் மிர்-126ஐச் சுமந்துபோய் பக்கத்துச் செல்களிடம் சேர்க்கின்றன, அவை சிஎக்ஸ்சிஎல்-12 என்ற சைகைப் புரதத்தைச் சுரந்து பழுதுபார்க்கும் முன்னோடிச் செல்களை வரவழைக்கின்றன." 2009இல் வந்த முடிவு இது, எலிகளில் இந்தப் பொதிகளைச் செலுத்தியபோது தமனிப் படிவுகள் குறைந்தன. சாகிற செல் பக்கத்து வீட்டுக்குச் சொல்லிவிட்டுப் போகிறது என்றால், இதைத் தற்கொலை என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

இன்னொரு சோதனை. சீராக ஒரே திசையில் ஓடும் இரத்தம் உட்சுவர் செல்களில் மிர்-21ஐக் கூட்டி மடிவைக் குறைக்கிறது, நல்லது. அதே மிர்-21 குழாய்ச் சுவரின் மென்தசைச் செல்களிலும் மடிவைத் தடுக்கிறது, ஆனால் அங்கே காயத்துக்குப் பிறகு அவை பெருகிக் குழாய் குறுகிவிடுகிறது. இங்கே "இறப்பு" என்று எழுதினால் படிப்பவர் அதைக் கெட்டது என்றே எடுத்துக்கொள்வார். மடிவில் அந்தச் சாயம் குறைவு.

அப்புறம் மைக்ரோஆர்என்ஏ. 1993இல் புழுவில் முதலில் கண்டது, ஆம்ப்ரோசுக்கும் ருவ்குனுக்கும் 2024இல் நோபெல் வாங்கித் தந்தது. "குறு ஆர்என்ஏ" வேண்டாம். "குறுக்கிடும் ஆர்என்ஏ" என்று வேறொன்று இருக்கிறது, பக்கத்தில் பக்கத்தில் வந்தால் மாணவர்கள் திணறுவார்கள். "நுண் ஆர்என்ஏ" போதும்.

எண்டோதீலியத்துக்கு (குழாயின் உட்பக்கத்தை மூடும் செல் அடுக்கு) நான் மேலே "உட்சுவர் செல்" என்று ஓட்டிவிட்டேன். இலங்கை நண்பர்கள் "அகவணிக் கலம்" என்பார்கள், அது இன்னும் செறிவு. ஆனால் தமிழ்நாட்டில் கலம் என்றால் பாத்திரம் நினைவுக்கு வரும் என்று போன இழையிலேயே சண்டை நடந்தது, அதை இங்கே மறுபடி கிளப்ப வேண்டாம். மடிவுக்கு மறுப்பு இருந்தால் மட்டும் எழுதுங்கள், மாற்றுச் சொல்லோடு.