வியர்வைக் கைக்கு எந்த முலாம்? ஹார்ட் குரோமா, டிஎல்சியா, நைட்ரைடிங்கா?

வளைகுடாக்காரன்:
ஹூஸ்டனில் இருக்கிறேன். யுஎஸ்பிஎஸ்ஏ என்ற அமெரிக்கச் சுடுதல் சங்கத்தின் போட்டிகளில், 1911 வகைத் துப்பாக்கிகளுக்கான சிங்கிள் ஸ்டாக் பிரிவில் சுடுகிறேன். கன்ஸ்மித் (துப்பாக்கி செய்பவர்) ஒருவர் எனக்காக ஒரு 1911 கைத்துப்பாக்கியைக் கட்டிக்கொண்டிருக்கிறார். 45 காலிபர். ஃபிரேமும் (பிடியோடு சேர்ந்த அடிச்சட்டம்) ஸ்லைடும் (அதன் மேல் முன்பின் நகரும் பகுதி) கார்பன் எஃகு. பிடியின் முன்பக்கத்தில் அங்குலத்துக்கு 25 கோடு செக்கரிங் (கை வழுக்காமலிருக்க வெட்டும் குறுக்குக் கோடுகள்). ஸ்லைடைத் தேய்த்துப் பொருத்தும் வேலையை இன்னும் தொடங்கவில்லை. அதற்கு முன்பே என்ன முலாம் என்று சொல்லிவிடச் சொல்கிறார்.

என் கை வியர்வை பொல்லாதது. இப்போது வைத்திருக்கும் புளூயிங் (ரசாயன முறையில் எஃகைக் கருநீலமாக்குவது) செய்த துப்பாக்கியைப் போட்டி முடிந்து துடைக்காமல் வைத்தால், மறுநாள் காலையில் என் கைரேகை அதில் செந்நிறமாகப் பதிந்திருக்கும். இந்த ஊர் ஈரக்காற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கறுப்பு நிறம்தான் பிடிக்கும், ஆனால் நிறத்துக்காகத் துருவைச் சகிக்க மாட்டேன். ஹார்ட் குரோம் (மின்சாரத்தால் ஏற்றும் கடின குரோமிய முலாம்), டிஎல்சி (வைரம் போன்ற கடினமான கார்பன் படலம்), நைட்ரைடிங் (எஃகுக்குள் நைட்ரஜனை ஊறவைப்பது), செராகோட் (பெயின்ட் போல அடிக்கும் செராமிக் பூச்சு), இவற்றில் எது?

தொட்டிக்காரர்:
கோவையில் ஹைட்ராலிக் தண்டுகளுக்கு ஹார்ட் குரோம் போடும் பட்டறையில் தொழில் பழகியவன் நான். இப்போது ஒஹாயோவில் அதே வேலை. துப்பாக்கிப் பாகங்களும் எங்கள் தொட்டிக்கு வரும்.

உங்கள் கன்ஸ்மித் கெட்டிக்காரர். முலாம் என்றால் நிறம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். பொருத்துகிறவருக்கு அது கனம். துப்பாக்கிக்குப் போடும் ஹார்ட் குரோம் ஒரு முகத்துக்கு 8 மைக்ரான் என்று வையுங்கள் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஸ்லைடு ஓடும் ஃபிரேம் தண்டவாளத்தின் மேலும் கீழும் ஏறினால் 16. ஸ்லைடின் பள்ளத்திலும் அதே போல் ஏறினால் இன்னொரு 16. ஆக 32 மைக்ரான் இடைவெளி போய்விடும். நன்றாகப் பொருத்திய ஸ்லைடில் இருக்கும் இடைவெளியே 25 மைக்ரான்தான், அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. முன்கூட்டிச் சொல்லாமல் முலாம் போட்டு வாங்கினால் ஸ்லைடு ஏறாது.

இன்னொன்று, மின்முலாம் எல்லா இடத்திலும் ஒரே அளவாக உட்காராது. மின்னோட்டம் விளிம்புகளைத் தேடிப் போகும். அங்கே தடிப்பாகவும் பள்ளத்துக்குள் மெல்லியதாகவும் படியும். மின்சாரமில்லாத நிக்கல் முலாம் இந்த விஷயத்தில் ஒழுங்கானது, மூலை முடுக்கெல்லாம் ஒரே கனம். ஆனால் குரோமின் கடினம் அதற்குக் கிடையாது. கடினத்தை அளக்கும் ராக்வெல் சி அளவில் குரோம் 70 பக்கம் நிற்கும். ஹோல்ஸ்டரில் (துப்பாக்கி உறையில்) ஆயிரம் முறை போட்டு எடுத்தாலும் தேய்ந்தது தெரியாது.

நைட்ரைடிங் நல்ல வேலைதான். கிளாக் துப்பாக்கிகள் பேர் வாங்கியதில் அதற்கும் பங்குண்டு. அது மேலே பூசுவதன்று, எஃகுக்குள்ளேயே ஊறுவது. ஆனால் அதற்கான உருக்கிய உப்புக் குளியலின் சூடு 570 பாகை செல்சியஸ் பக்கம். தேய்த்துப் பொருத்தி முடித்த துப்பாக்கியை அந்தச் சூட்டில் இறக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

செராகோட் வேண்டாம். 25 மைக்ரான் கனத்தில் பெயின்ட் போல உட்கார்ந்து செக்கரிங் முனைகளை மழுங்கடிக்கும். அவ்வளவு காசு கொடுத்து வெட்டியது எதற்கு?

டிஎல்சி 2, 3 மைக்ரான்தான், பொருத்தத்தைக் கெடுக்காது, கறுப்பு நிறம், வழுக்கும். குறை என்னவென்றால் அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கும். கார்பன் எஃகின் மேல் போட்டால் உப்பு வியர்வை அவற்றின் வழியே உள்ளே போகும்.

என் யோசனை: கை படும் ஃபிரேமுக்கு ஹார்ட் குரோம், ஸ்லைடுக்கு டிஎல்சி.

கள்ளிக்காடு:
அரிசோனாவிலிருந்து ஒரு மாற்றுக்குரல். என் ஃபிரேம் முழுக்கச் செராகோட். ஹோல்ஸ்டர் வாயில் உரசும் இடத்தில் வெளுத்துவிட்டது, ஆனால் துரு இல்லை. மீண்டும் அடிக்கவும் செலவு குறைவு. என் செக்கரிங் 20 கோடு, அதனால் மழுங்கல் பெரிதாகத் தெரியவில்லை. பாலைவனத்துக் காற்றில் எந்தப் பூச்சும் நல்ல பெயர் வாங்கிவிடும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

வளைகுடாக்காரன்:
தொட்டிக்காரர் அண்ணா, இரண்டு சந்தேகம். குரோம் போட்டால் எண்ணெயே வேண்டாமா? ஹாமர் (சுத்தி), சியர் (டிரிகரை இழுக்கும் வரை சுத்தியைத் தடுத்து வைக்கும் துண்டு), ஸ்பிரிங் எல்லாவற்றையும் சேர்த்தே அனுப்பலாமா?

தொட்டிக்காரர்:
எண்ணெய் கட்டாயம் வேண்டும், தம்பி. ஹார்ட் குரோமில் பிறவியிலேயே நுண்விரிசல்கள் உண்டு. மெல்லிய படலத்தில் அவை அடி எஃகு வரைக்கும் போகலாம். அந்த விரிசல்கள் எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும் என்பதால்தான் எஞ்சின் சிலிண்டர்களுக்கே அதைப் போட்டார்கள். போட்டி முடிந்ததும் கிரிப் பலகைகளைக் கழற்றி, அடியில் தேங்கிய வியர்வையைத் துடைத்து, மெல்லியதாக எண்ணெய் தடவுங்கள். துரு முதலில் அங்கேதான் பிடிக்கும்.

ஸ்பிரிங்கை அனுப்பவே கூடாது. முலாம் போடும்போது ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்க வைக்கும். 190 பாகை செல்சியஸ் சூட்டில் சில மணி நேரம் வாட்டி அதை வெளியேற்றுவோம். ஆனாலும் ஸ்பிரிங் விஷயத்தில் துணிய மாட்டேன். சியரையும் ஹாமரையும்கூடக் கன்ஸ்மித்திடமே விட்டுவிடுங்கள். கொக்கி முனையில் விளிம்புத் தடிப்பு ஏறினால் டிரிகர் வேலை முழுவதும் பாழ்.

பட்டறையில் ஒன்றை எழுதிக் கொடுங்கள்: முலாமுக்கு முன் மணி வீச்சு (சிறு கண்ணாடி மணிகளை வேகமாக வீசி எஃகின் மேற்பரப்பை மங்கலாக்குவது) எவ்வளவு கரடாக வேண்டும் என்று. குரோம் அடியில் இருப்பதை அப்படியே காட்டும். பளபளப்பை மங்கலாக்க முடியாது, கீறலை மறைக்கவும் முடியாது. செக்கரிங் மேல் வீச்சு படாமல் மறைத்துக் கட்டச் சொல்லுங்கள்.

வளைகுடாக்காரன்:
கன்ஸ்மித்திடம் பேசிவிட்டேன். ஃபிரேம் தண்டவாளத்தில் ஒரு முகத்துக்கு 8 மைக்ரான் விட்டுத் தேய்ப்பதாகச் சொல்கிறார். ஸ்லைடு டிஎல்சி.