மாடிச் சூட்டைக் குறைக்க அரசு மானியம் உண்டா? சோலார் முதலா, கூரை வேலை முதலா? (வேலூர்)

சத்துவாச்சாரி_வீடு:
ஒரே தளம்தான், மொட்டை மாடி 900 சதுர அடி. பழைய தட்டோடு, சில இடத்தில் விரிசல். அக்னி நட்சத்திரத்தில் ராத்திரி 11 மணிக்குக்கூட கூரையைத் தொட்டால் சுடுகிறது. கோடையில் இரண்டு மாதத்துக்கு 560 யூனிட் ஓடுகிறது. கூரையில் சூடு இறங்காமல் செய்ய மானியம் ஏதாவது இருக்கிறதா? சோலாருக்கு 78,000 ரூபாய் தருகிறார்களாமே, அதையே முதலில் போட்டுவிடலாமா? ஈ.பி. சர்வீஸ் அப்பா பெயரில் இருக்கிறது.

காட்பாடி_சோலார்:
கூரைப் பூச்சுக்கோ தெர்மாகோலுக்கோ தனி வீடுகளுக்கு மானியம் கிடையாது சார். பணம் கிடைப்பது பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில்தான் (2024 பிப்ரவரியில் வந்தது). 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000. அதாவது மூன்றாவது கிலோவாட்டுக்குக் கூடுதலாக வருவது 18,000 மட்டுமே.

இங்கே 1 கிலோவாட் ஒரு நாளைக்குச் சுமார் 4 யூனிட் தரும். 2 கிலோவாட் என்றால் இரண்டு மாதத்தில் 480. உங்கள் 560-ஐ முதலில் குறைத்தால் 2 கிலோவாட்டே போதும், மூன்றாவதற்குக் கைக்காசு போட வேண்டாம்.

விண்ணப்பத்தில் இருக்கும் பெயரும் சர்வீஸ் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். அப்பா பெயரிலேயே, அவர் வங்கிக் கணக்கைக் கொடுத்து விண்ணப்பியுங்கள். அவர் இல்லையென்றால் முதலில் பெயர் மாற்றம். பேனல் உள்நாட்டில் செய்த செல் உள்ள டிசிஆர் வகையாகவே இருக்க வேண்டும். விலை குறைவு என்று வேறு பேனலை மாட்டினால் மானியம் போய்விடும். நெட் மீட்டர் (நாம் எடுக்கும், திருப்பிக் கொடுக்கும் மின்சாரம் இரண்டையும் கணக்கிடுவது) மாட்டி, மின்வாரியம் சோதித்து முடித்த பிறகுதான் மானியம் உங்கள் கணக்குக்கு நேரே வரும். "மானியம் போக மீதியைக் கொடுங்க, மானியத்தை நாங்க வாங்கிக்கிறோம்" என்று சொல்பவரிடம் கையெழுத்துப் போடாதீர்கள்.

கொத்து_மேஸ்திரி_ஆற்காடு:
கூரை வேலைதான் முதலில். பேனல் ஏறிவிட்டால் அதன் அடியில் விரிசல் பார்க்கவோ பூசவோ முடியாது.

தட்டோட்டில் பாசியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்க. விரிசலை 'வி' வடிவில் வெட்டி, பாலிமர் கலந்த சிமெண்ட் சாந்து அடைக்கணும். காய்ந்ததும் மழைநீர்க் குழாயை அடைத்து ஒரு அங்குலம் தண்ணீர் ஒரு நாள் நிறுத்திப் பாருங்க. உள்ளே ஈரம் தெரியலைன்னாதான் வெள்ளை அடிக்கணும்.

செலவு குறைவாக வேணும்னா சுண்ணாம்பே போதும். முந்தின நாளே தாளித்து (தண்ணீர் ஊற்றி நீற்றி), துணியில் வடிகட்டி, மோர் பதத்துக்குக் கரைத்து, கொஞ்சம் பெவிகால் சேருங்க. தளத்தில் தண்ணீர் தெளித்து, வெயில் ஏறும் முன்னாடி அடிக்கணும். உச்சி வெயிலில் அடித்தால் சட்டென்று காய்ந்து, கையில் ஒட்டும் மாவாக உதிரும். மூணு கோட். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரையும், அதனால ஒவ்வொரு மாசியிலும் திரும்ப அடிக்கணும். கூல் ரூஃப் பெயிண்ட் (வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு) விலை கூட, ஆனால் சில வருஷம் நிக்கும்.

சத்துவாச்சாரி_வீடு:
நன்றி. உள்ளே தெர்மாகோல் போட்டு ஃபால்ஸ் சீலிங் அடித்தால்?

மின்கணக்கு:
அறைக்குள் சூடு கொஞ்சம் குறையும், ஆனால் மேலே கான்கிரீட் பகல் முழுக்க வெயிலை வாங்கிச் சேர்த்து வைப்பது அப்படியேதான் இருக்கும். ராத்திரி நீங்கள் தொட்டுப் பார்க்கும் சூடு அதுதான். சூடு தளத்துக்குள் போகும் முன்பே தடுக்க வேண்டும். செலவு செய்ய முடிந்தால் மாடிமேல் 50 மி.மீ. எக்ஸ்பிஎஸ் (சூடு கடத்தாத கெட்டியான நுரை) பலகை: அடியில் நீர்த்தடுப்புப் பூச்சு, மேலே கோழி வலை வைத்த சாந்து, அதன்மேல் வெள்ளை டைல். பழைய தட்டோட்டை எடுக்காமல் அதன்மேல் ஏற்றினால் பாரம் கூடும், பொறியாளரிடம் காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஃபேனையும் பாருங்கள். பழைய ஃபேன் 75 வாட், பிஎல்டிசி (மின்சாரம் குறைவாக எடுக்கும் புது வகை) 30 வாட். மூன்று ஃபேன், தினம் 15 மணி நேரம் என்றால் இரண்டு மாதத்தில் சுமார் 120 யூனிட் மிச்சம். இது முக்கியம், ஏனென்றால் இரண்டு மாதத்தில் 500 யூனிட் தாண்டினால் மேலே போன யூனிட்டுக்கு மட்டும் கட்டணம் கூடுவதில்லை. 101 முதல் 200 வரைக்கான குறைந்த கட்டணமும் போய்விடும். 560, 440 ஆனாலே பில் நன்றாக இறங்கும்.

காட்பாடி_சோலார்:
ஒன்று விட்டுப்போச்சு. பேனல் தாங்கிக்குத் தட்டோட்டைத் துளைத்து போல்ட் போட விடாதீர்கள், ஒழுகல் அங்கிருந்துதான் தொடங்கும். கான்கிரீட் கட்டை வார்த்து அதில் கால் நிறுத்தச் சொல்லுங்கள். காற்றுக்கு அசையாத எடை எவ்வளவு என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். தெற்கு பார்த்து, 13 டிகிரி சாய்வு.