செவ்வாயை மாற்றி அமைக்க நமக்கு உரிமை உண்டா? கணக்கோடு பேசுவோம்

வான்மடல்:

டெராஃபார்மிங், அதாவது வேறொரு கோளை மனிதர் வாழும்படி மாற்றுவது பற்றிப் பேச்செடுத்தாலே இரண்டு பதில்தான் காதில் விழுகிறது. "மனித இனம் தப்பிப் பிழைக்க வேறு வழியே இல்லை" என்பது ஒன்று. "முதலில் இருக்கிற பூமியைக் காப்பாற்றுங்கள்" என்பது மற்றொன்று. இரண்டு தரப்பும் கணக்குப் போட்டுப் பேசுவதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

செவ்வாயை மனிதர் வாழும்படி மாற்ற எவ்வளவு பொருள் வேண்டும்? அங்கே நுண்ணுயிர் ஏதாவது இருந்தால் அதன் கதி என்ன? "உயிர் இல்லை" என்று எந்தக் கட்டத்தில் துணிந்து சொல்லலாம்? பூமியைக் காப்பதற்கும் செவ்வாயை மாற்றுவதற்கும் நடுவே உண்மையிலேயே போட்டி இருக்கிறதா? துறை அறிந்தவர்கள் எண்களோடு எழுதினால் நல்லது.

அழுத்தமானி:

முதல் கேள்விக்கு மட்டும் வருகிறேன். எது சாத்தியம் என்று தெரியாமல் அறம் பேசினால் விவாதம் அந்தரத்திலேயே நிற்கும்.

செவ்வாயின் காற்றழுத்தம் சராசரியாக 6 மில்லிபார். பூமியில் கடல்மட்டத்தில் 1013. அங்கே 1 பார் (1000 மில்லிபார்) அழுத்தம் வர எவ்வளவு காற்று வேண்டும்? அழுத்தத்தை அந்தக் கோளின் ஈர்ப்பு முடுக்கமான 3.71-ஆல் வகுத்து, 14.4 கோடி சதுர கிலோமீட்டர் பரப்பால் பெருக்குங்கள். கிட்டத்தட்ட 39 கோடி கோடி டன் வரும். எரிபொருளை எரித்து நாம் ஓராண்டில் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடு ஏறத்தாழ 3,700 கோடி டன். அதே வேகத்தில் அங்கே வாயுவை நிரப்பினாலும் ஒரு லட்சம் ஆண்டுக்கு மேல் ஆகும்.

"துருவப் பனியை உருக்கினால் வாயு தானாக வருமே" என்பார்கள். ஆய்வாளர்கள் புரூஸ் ஜகோஸ்கியும் கிறிஸ்டோபர் எட்வர்ட்ஸும் 2018-ல் விண்கலத் தரவுகளை வைத்து அந்த இருப்பை எண்ணிப் பார்த்தார்கள். துருவப் பனி, மண்துகளில் ஒட்டியிருப்பது, எட்டக்கூடிய கார்பனேட் பாறை எல்லாம் சேர்த்தும் கைக்கு வருவது 20 மில்லிபார் அளவுதான். அதனால் வெப்பநிலை 10 டிகிரிகூட ஏறாது. தேவையோ 60 டிகிரி. இன்னொன்றையும் கவனியுங்கள்: மனித உடல் சூட்டில் நீர் கொதித்துவிடாமல் இருக்கவே சுமார் 63 மில்லிபார் வேண்டும். இருப்பு முழுவதையும் செலவழித்த பிறகும் அழுத்த உடையைக் கழற்ற முடியாது.

அடுத்த யோசனை, ஃப்ளூரின் கலந்த செயற்கைப் பசுங்குடில் வாயுக்கள். ஆய்வாளர்கள் மரினோவா, மெக்கே, ஹாஷிமோட்டோ மூவரும் 2005-ல் போட்ட கணக்குப்படி, சரியான கலவையில் 0.2 பாஸ்கல் (0.002 மில்லிபார்) சேர்த்தால் துருவத்துக் கார்பன் டை ஆக்சைடு உறைந்து நிற்க முடியாமல் ஆவியாகத் தொடங்கும். 0.2 பாஸ்கல் என்பது கேட்கச் சின்ன எண். நிறையில் அது 780 கோடி டன். பூமியின் காற்றில் 1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) கார்பன் டை ஆக்சைடைக் குறைக்க வெளியே எடுக்க வேண்டியதும் ஏறக்குறைய அதே 780 கோடி டன்தான். இங்கே எடுப்பதற்கே திணறுகிறோம். அங்கே அத்தனையையும் தொழிற்சாலையில் தயாரிக்க வேண்டும். தயாரித்து முடித்தாலும் ஆவியாக அங்கே இருப்பது மேலே சொன்ன அந்தச் சிறு கையிருப்புதான்.

2024-ல் வந்த ஆய்வு ஒன்று வேறு வழி சொல்கிறது. செவ்வாய் மண்ணிலுள்ள இரும்பு, அலுமினியத்தைக் கொண்டு சுமார் 9 மைக்ரோமீட்டர் நீளக் கம்பித்துகள் செய்து, நொடிக்கு 30 லிட்டர் வீதம் தொடர்ந்து காற்றில் விட்டால் 30 டிகிரிக்கு மேல் சூடேற்றலாம் என்கிறது. இதுவரை வந்தவற்றில் நடைமுறைக்கு நெருக்கமானது இதுதான் என்பேன். ஆனாலும் அதில் சூடு வருமே தவிர மூச்சுக்காற்று வராது. பூமியின் தாவரங்கள் ஒளியைப் பயன்படுத்தும் திறனை வைத்துப் பார்த்தால், ஆக்சிஜன் சேர ஒரு லட்சம் ஆண்டு என்பது மெக்கேயின் மதிப்பீடு.

காந்தப்புலம் இல்லாததால் போட்ட காற்றெல்லாம் பறந்துவிடும் என்ற வாதத்தை மட்டும் விட்டுவிடுங்கள். செவ்வாயின் காற்றை ஆராய்ந்த மேவன் விண்கலத்தின் அளவீட்டில் இழப்பு நொடிக்கு 2 முதல் 3 கிலோ. அந்த வேகத்தில் 1 பார் தீரப் பல நூறு கோடி ஆண்டுகள் போதாது. சிக்கல் காற்றைத் தக்கவைப்பதில் இல்லை, உண்டாக்குவதில்தான்.

பெட்ரித்தட்டு:

அழுத்தமானி சொன்னது முழு அளவு மாற்றம். அறச்சிக்கல் அதற்கு வெகு முன்பே தொடங்கிவிடுகிறது. முதல் மனிதர் அங்கே கால் வைக்கும் நாளே கோட்டைத் தாண்டுகிறோம்.

1967 விண்வெளி ஒப்பந்தத்தின் 9-ஆம் பிரிவு, பிற கோள்களில் தீங்கான மாசு ஏற்படுத்தக் கூடாது என்கிறது. அதை எப்படி அளப்பது என்ற வழிமுறையைக் காஸ்பார் என்ற பன்னாட்டு விண்வெளி ஆய்வுக் குழு வகுத்துத் தந்திருக்கிறது. உயிர் தேடும் நோக்கமில்லாமல் செவ்வாயில் இறங்கும் கலமானால், வெளிப்படும் பரப்புகளில் மொத்தம் 3 லட்சம் பாக்டீரியா ஸ்போர்களுக்கு (கடும் சூழலைத் தாங்கும் உறங்குநிலை வடிவம்) மேலும், சதுர மீட்டருக்குச் சராசரியாக 300-க்கு மேலும் இருக்கக் கூடாது. 1975-ல் செவ்வாய்க்கு ஏவிய வைக்கிங் கலங்களை 110 டிகிரிக்கு மேல் பல மணி நேரம் உலர்வெப்பத்தில் வைத்துத்தான் அனுப்பினார்கள்.

எண்ணும் முறை இப்படி. 25 சதுர செ.மீ. பரப்பை ஈரப் பஞ்சுக்குச்சியால் துடைப்பார்கள். பெரிய பரப்பானால் துணி. அதை நீரில் போட்டு ஒலியலையால் அதிரவைத்து உயிரிகளைப் பிரிப்பார்கள். பிறகு 80 டிகிரியில் 15 நிமிடம் சூடேற்றுவார்கள். வளரும் செல்கள் சாகும், ஸ்போர் மட்டும் தங்கும். அகார் என்ற ஊட்டக்கூழ் தட்டில் ஊற்றி 32 டிகிரியில் 72 மணி நேரம் வளர்த்துக் கூட்டங்களை எண்ணுவார்கள். ஓட்டை எங்கே என்றால், இந்தத் தட்டில் வளர மறுப்பவை எண்ணிக்கையிலேயே வராது. ஆக்சிஜன் ஆகாதவை, ஸ்போர் உண்டாக்காதவை, ஆய்வகத்தில் வளரவே வளராதவை எல்லாம் தப்பிவிடும். கலங்களைக் கட்டும் தூய்மை அறைகளில் கண்டறியப்பட்ட டெர்சிகாக்கஸ் ஃபீனிசிஸ் என்ற பாக்டீரியா போன்றவையும் உண்டு. மிக வறண்ட, சத்தில்லாத, அடிக்கடி கிருமிநாசினி படும் இடத்தில் எது பிழைக்கிறதோ அதைத்தான் நாமே தேர்ந்தெடுத்துச் செவ்வாய்க்கு அனுப்புகிறோம்.

இதோடு ஒரு மனித உடலை ஒப்பிடுங்கள். அதில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள். உடையின் மூட்டுகளில் கசிவு உண்டு. கலத்துக்குள் போய்வரும் காற்றறையைத் திறக்கும்போதெல்லாம் உள்காற்று கொஞ்சம் வெளியேறும். 3 லட்சம் என்ற வரம்பு அந்த இடத்தில் அர்த்தமிழந்துவிடும்.

"விண்கற்கள் வழியே பூமி உயிரி ஏற்கெனவே போயிருக்குமே" என்று கேட்பவர்களுக்கு: போயிருக்கலாம். அதனால்தான் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். அங்கே கிடைக்கும் உயிர் நமக்கு உறவா, தனியாகத் தோன்றியதா என்பதுதான் பெரிய கேள்வி. நம் கிருமியை நாமே தூவிவிட்டால், பழைய உறவுக்கும் புதிய மாசுக்கும் வேறுபாடு காண்பது மிகக் கடினம்.

உயிர் இருந்தால் ஆழத்தில் இருக்கவே வாய்ப்பு அதிகம். செவ்வாயில் இறங்கிய இன்சைட் கலத்தின் நிலநடுக்கத் தரவை ஆய்ந்த 2024 கட்டுரை, 11.5 முதல் 20 கி.மீ. ஆழப் பாறைப் பிளவுகளில் திரவ நீர் இருக்கலாம் என்கிறது. மேற்பரப்பைச் சூடாக்கினால் அந்த வெப்பம் பாறை வழியே 1 கி.மீ. இறங்கவே பல ஆயிரம் ஆண்டுகள் ஆகும். அதனால் அங்கே உடனடி ஆபத்தில்லை. ஆபத்து மேலே இருக்கும் பனியில். அது உருகினால் மண்ணிலுள்ள பெர்குளோரேட் என்ற உப்பைக் கரைத்துக்கொண்டு உவர்நீராகக் கீழே இறங்கும். ஃபீனிக்ஸ் கலம் 2008-ல் இறங்கிய இடத்தில் அந்த உப்பு அரை சதவீத அளவில் இருந்தது.

விதைநெல்:

இருவரோடும் ஓரளவு மாறுபடுகிறேன். உயிரற்ற பாறைக்கு உரிமை என்று ஒன்று இருப்பதாக நான் நினைக்கவில்லை. துன்புறவோ தழைக்கவோ அங்கே எதுவும் இல்லையென்றால், அதை அப்படியே வைத்திருப்பதில் யாருக்கு என்ன நன்மை? உயிர் பெருகுவது நல்லது என்று நம்புகிறவர் பூமியில் காட்டைக் காப்பதற்கும் வேறிடத்தில் உயிரை விதைப்பதற்கும் ஒரே காரணத்தைத்தான் சொல்வார். மெக்கே இன்னும் ஒரு படி மேலே போகிறார். அங்கே தனியாகத் தோன்றிய உயிர் நலிந்து கிடந்தால், நமக்காக இல்லாமல் அதற்காகச் செவ்வாயைச் சூடாக்கலாம் என்கிறார். தலையிடுவதே பிழை என்பவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

முழுக் கோளையும் தொடத் தேவையும் இல்லை. வேர்ட்ஸ்வொர்த், கெர்பர், காக்கெல் மூவரும் 2019-ல் காட்டியது போல 2 முதல் 3 செ.மீ. தடிமன் சிலிக்கா ஏரோஜெல் (காற்று நிறைந்த மிக இலேசான திண்மம்) பரப்பினால், ஒளி உள்ளே போகும், புற ஊதாக்கதிர் தடைபடும், கீழே தரையின் வெப்பநிலை இருப்பதைவிட 50 டிகிரிக்கு மேல் உயரும். வேண்டாமென்றால் எடுத்துவிடலாம், தரை மறுபடி உறைந்துவிடும். புழுதி படிந்தால் ஒளி குறையும், ஏரோஜெல் எளிதில் நொறுங்கும் என்பவை பொறியியல் தொல்லைகள். அவற்றுக்காக யோசனையை அறமற்றது என்று ஒதுக்க முடியாது.

கரிமச்சுழற்சி:

விதைநெல்லின் ஏரோஜெல் கருத்தை ஏற்கிறேன். அதில் அறத்தின் அடையாளமே பின்வாங்க முடிவதுதான். ஆனால் "விதைப்பது" என்ற பேச்சு வரும்போது, நமக்கு என்ன தெரியும் என்பதை நேர்மையாகப் பார்க்க வேண்டும்.

1991-ல் பயோஸ்ஃபியர் 2 என்ற மூடிய சூழல் சோதனையில் 8 பேர் 1.27 ஹெக்டேர் கண்ணாடிக் கூடத்தில் அடைந்து இரண்டு ஆண்டு இருந்தார்கள். 16 மாதத்தில் ஆக்சிஜன் 20.9 சதவீதத்திலிருந்து 14 சதவீத அளவுக்கு இறங்கியது. வெளியிலிருந்து ஆக்சிஜன் செலுத்த வேண்டி வந்தது. காரணம், விளைச்சலுக்காகச் சேர்த்த செழிப்பான மக்கு மண். அதிலிருந்த நுண்ணுயிர்கள் செடிகள் விடுவதைவிட அதிகமாக ஆக்சிஜனை இழுத்தன. ஆக்சிஜன் குறைந்த அளவுக்குக் கார்பன் டை ஆக்சைடு கூடியிருக்க வேண்டுமே, கூடவில்லை. எங்கே போனது என்று தேடினால், கூடத்தின் கான்கிரீட் அதை உறிஞ்சிக் கால்சியம் கார்பனேட்டாக மாற்றிவைத்திருந்தது. மகரந்தம் சேர்க்கும் பூச்சிகள் அழிந்தன, எறும்பு பெருகியது. மண்ணும் நீரும் விதையும் இங்கிருந்தே எடுத்து, கூப்பிடு தூரத்தில் நிபுணர்களை வைத்துக்கொண்டு நடந்த சோதனை இது.

தவறான தகவலை நம்பித் திட்டம் போடுவது இன்னொரு ஆபத்து. வானியலாளர் கார்ல் சேகன் 1961-ல் வெள்ளிக் கோளின் மேகங்களில் நீலப்பச்சைப் பாசியைத் தூவலாம் என்று முன்மொழிந்தார். அங்கே தரையில் அழுத்தம் பூமியைப்போல் 90 மடங்கு என்பது பிறகுதான் தெரிந்தது. அவ்வளவு கார்பனையும் பாசி பிரித்திருந்தால் மிஞ்சுவது கரிப்படலமும் அதன்மேல் அடர்ந்த ஆக்சிஜனும்தான், அந்தச் சூட்டில் கரி மறுபடி எரிந்துவிடும். நல்ல வேளை, அது காகிதத்தோடு நின்றது.

போட்டி பற்றி: கோள்களை ஆராய்வது பூமிக்குப் போட்டி இல்லை. காலநிலை விஞ்ஞானி ஜேம்ஸ் ஹான்சன் வெள்ளியின் மேகங்களை ஆய்ந்த பிறகுதான் பூமியின் காலநிலைக்கு வந்தார். கோள் அளவில் நாம் செய்துகாட்டிய ஒரே பெரிய பழுதுபார்ப்பு ஓசோன் என்று சொல்வேன். 1987-ல் ஓசோனை அழிக்கும் வாயுக்களைத் தடுக்கும் மான்ட்ரியல் ஒப்பந்தம். அண்டார்க்டிகாவின் மேல் ஓசோன் 1980 நிலைக்குத் திரும்ப 2066 வாக்கில்தான் முடியும் என்பது 2022 மதிப்பீடு. வாயுவை நிறுத்தியதற்கே சுமார் 80 ஆண்டு. செவ்வாய்க்குச் சொல்லப்படும் ஃப்ளூரின் வாயுக்களில் ஒன்றான கார்பன் டெட்ராஃப்ளூரைடு காற்றில் 50,000 ஆண்டு நீடிக்கும். அதைத் தவறாகக் கலந்தால் திருத்த வழியில்லை. பணத்தில் போட்டி இருப்பதாக நான் கருதவில்லை. "மாற்று இடம் தயாராகிறது" என்ற நம்பிக்கை இங்கே செய்ய வேண்டியதைத் தள்ளிப்போட வைக்கிறதே, கேடு அதில்தான்.

வான்மடல்:

நன்றி. ஒன்று மட்டும் மிச்சம். பின்வாங்க முடிகிற முயற்சி சரியென்றால், அதை எந்த வரிசையில் செய்வது? மனிதர் இறங்கினாலே வரம்பு உடைகிறது என்று பெட்ரித்தட்டு சொல்லிவிட்டாரே.

பெட்ரித்தட்டு:

வரிசைதான் முக்கியம், வான்மடல். முதலில் இயந்திரங்கள். மேல் 2 மீட்டர் மண்ணில் கதிர்வீச்சு கரிமச் சேர்மங்களைச் சிதைக்கிறது. அதனால்தான் 2028-ல் ஏவத் திட்டமிட்டுள்ள ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் ஊர்தியில் 2 மீட்டர் துளைக்கருவி இருக்கிறது. ஒரே இடத்தில் ஒன்றும் கிடைக்காவிட்டால் "இல்லை" என்று எழுதிவிட முடியாது. பனி, களிமண், உப்புப் படிவு, எரிமலைக் குகை என வெவ்வேறு சூழல்களில் தேட வேண்டும்.

மனிதர் இறங்குவதானால் அருகில் பனி இல்லாத வறண்ட நிலநடுக்கோட்டுப் பகுதி. வெப்பநிலை -28 டிகிரிக்கு மேலும், நீர்ச் செயல்பாடு (உயிருக்குப் பயன்படக்கூடிய நீரின் அளவுகோல்) 0.5-க்கு மேலும் இருக்கக்கூடிய இடங்களைக் காஸ்பார் சிறப்புப் பகுதி என்கிறது. மனிதர் அங்கே போகவே கூடாது, நுண்ணுயிர் நீக்கிய ஊர்தி மட்டும் போகலாம். புறப்படும் முன் குழுவினரிடமும் கலத்திலும் உள்ள நுண்ணுயிர்களின் மரபணுப் பட்டியலைப் பதிந்து, மாதிரிகளை உறைய வைத்துப் பூமியில் பாதுகாக்க வேண்டும். பிற்பாடு எது கிடைத்தாலும் அதோடு ஒப்பிடலாம். காற்றறையின் வெளியேற்றுக் குழாயில் நுண்வடிகட்டி. கழிவு மூடிய கலத்தில்.

மெக்கே 2009-ல் சொன்ன விதி எனக்கு ஏற்புடையது: செய்வதெல்லாம் உயிரியல் வகையில் மீட்கத்தக்கதாக இருக்கட்டும். வெளியே கிடக்கும் கிருமியைச் செவ்வாயின் புற ஊதாக்கதிர் விரைவில் கொன்றுவிடும். உடைந்த கலத்தின் உட்புறத்திலோ புழுதிக்கு அடியிலோ ஒளிந்தது தப்பும். ஆகவே கலங்களைப் பிரித்து வெயிலில் காட்டக்கூடியபடி வடிவமைக்க வேண்டும், மண்ணுக்குள் எதையும் புதைக்கக் கூடாது. ஏரோஜெல் சோதனையும் அடியில் மூடப்பட்ட தட்டில்தான், இயற்கைப் பனியின் மேல் வேண்டாம்.

சட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. 9-ஆம் பிரிவு "தீங்கான மாசு" என்பதை வரையறுக்கவில்லை, காஸ்பார் விதிகள் சட்டப்படி கட்டாயமும் இல்லை. 6-ஆம் பிரிவின்படி தனியார் நிறுவனத்துக்கு அனுமதி தந்து கண்காணிப்பது அந்தந்த நாட்டு அரசு. எனவே வேண்டுமென்றே உயிரியைத் தூவுவதற்கு அனுமதி இல்லை என்ற ஒரே வரியை உள்நாட்டு உரிம விதிகளில் சேர்க்கச் சொல்லிக் கேட்பதுதான் இன்றைக்கு நாம் செய்யக்கூடியது. புதிய உலக ஒப்பந்தத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.