ஐயா (தாத்தா) பெட்டியில் தோட்டாவுக்கு மருந்து அடைக்கிற கருவி கிடைச்சிருக்கு, எப்படி ஆரம்பிக்கிறது? (அவசரம்)

கண்டனூர்ப்பேரன்:
வணக்கம். படைப்புக்காக (முன்னோருக்குப் படையல்) வீட்டை ஒழுங்கு பண்ணினப்ப ரெண்டாங்கட்டுல ஐயாவோட தேக்குப் பெட்டி ஒண்ணு ஆப்டுச்சு. பர்மாவுல கொண்டுவிற்க, அதாவது வியாபாரத்துக்கு, போயிருந்தப்ப வாங்கினதாம். உள்ள மேஜை விளிம்புல திருகி மாட்டுற பித்தளைக் கருவி, அதுக்குக் கைப்பிடி, அளவுக் குவளை, காலித் தோட்டா கொஞ்சம், மூடி இறுகின தகர டப்பா. அமெரிக்காவுல டல்லஸ்ல அத்தான் சுட்ட ரைபிள் தோட்டாவுல திரும்ப மருந்து அடைச்சு வீட்டுலயே போட்டுக்குறாரு, சல்லிசா முடியுதாம். பவுடர் எவ்வளவு போடணும்? சீக்கிரம் சொல்லுங்க, ஞாயித்துக்கிழமை கிளம்பணும்.

குறிச்சிமணி:
என்ன துப்பாக்கி? என்ன போர் (குழாய் அளவு)? லைசென்ஸ் யார் பேர்ல? எந்த மாவட்டம், சிவகங்கையா புதுக்கோட்டையா? ஒண்ணுமே சொல்லாம பவுடர் அளவு கேட்டா எப்படிண்ணே?

பித்தளைப்பித்தன்:
தோட்டாவோட அடித்தட்டுல என்ன எழுத்து இருக்குன்னு பாருங்க. கைனாக்னு கம்பெனி பேர் இருந்தா இங்கிலாந்து பர்மிங்காம் சரக்கு. உள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க: நடுவுல ஒரே ஓட்டைன்னா பாக்சர் வகை, சின்னதா ரெண்டு ஓட்டைன்னா பெர்டான் வகை. பெர்டான்னா அடியில மருந்தைப் பத்தவைக்கிற பழைய 'கேப்'பைத் தள்ளி எடுக்கிறதே பெரும்பாடு. என் கணிப்பு பெர்டான்தான்.

மூத்தவேட்டை:
இந்த ஊர்ச் சட்டம் தெரியாமல் டல்லஸ் கதை பேசுவோர் மாதாமாதம் வருகிறார்கள். அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்குப் போட்டுக்கொள்ளலாம். இங்கே 1959 ஆயுதச் சட்டம் 5ஆம் பிரிவைப் படியுங்கள். உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம், தண்டனை 25ஆம் பிரிவில் இருக்கிறது. கையில் துப்பாக்கி லைசென்ஸ் இருந்தாலும் அது வைத்துக்கொள்ள மட்டுமே, தயாரிக்க அல்ல. இதற்குமேல் நான் என்ன சொல்ல.

கண்டனூர்ப்பேரன்:
லைசென்ஸ் ஐயா பேர்ல. துப்பாக்கி இப்ப வீட்டுல இல்ல, எலெக்‌ஷனுக்கு ஸ்டேஷன்ல ஒப்படைச்சது, ஐயா தவறினப்புறம் யாரும் போய்க் கேக்கல. கைப்பிடியைச் சுத்தினா வட்டத் தலை ஒண்ணு சுழலுது, உள்பக்கம் வரிவரியா இருக்கு. தோட்டா பாதி பித்தளை, மேல அட்டை.

குறிச்சிமணி:
துப்பாக்கியே இல்லாமத்தான் பவுடர் அளவு கேட்டீங்களா!

பித்தளைப்பித்தன்:
அட்டையா? அப்ப இது ரைபிளே இல்ல. சன்னத் தோட்டா (உள்ள சின்னச் சின்ன ஈயக்குண்டு), அநேகமா 12 போர். அந்த வட்டத் தலை அட்டை விளிம்பை உள்பக்கமா மடிச்சு மூடுறதுக்கு. ரைபிள் தோட்டா முழுப் பித்தளை, அதுக்கு இந்தக் கருவி ஆகாது. அத்தான்கிட்ட இருக்கிறது வேற வம்சம். இன்னொண்ணு: அந்தக் காலத்துத் துப்பாக்கி கரி மருந்துக்கு (பழைய கருப்பு வெடிமருந்து) செஞ்சதா இருந்து, அதுல இந்தக் காலப் புகையில்லா மருந்தைப் போட்டா குழாயே வெடிச்சுக் கை போயிரும்.

தேவகோட்டைவக்கீல்:
கருவியை வச்சிருக்கிறதே சிக்கல். 'தோட்டா' என்பதற்கான சட்ட விளக்கத்தில் அதன் பாகங்களும் தயாரிக்கும் இயந்திரமும் சேர்த்தி.

முகப்புத்தூண்:
அய்யே, 45ஆம் பிரிவு என்னத்துக்கு இருக்கு? சேர்த்துப் பயன்படுத்துற நோக்கம் இல்லாத சின்னப் பாகத்துக்கு விலக்கு உண்டு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகள்ல இந்த மாதிரிப் பித்தளை சும்மா அடுக்கி வச்சிருக்காங்க. துடைச்சு முகப்புல வச்சா அழகு.

தேவகோட்டைவக்கீல்:
நோக்கம் இல்லையா? முதல் பதிவிலேயே "பவுடர் எவ்வளவு"ன்னு எழுதி வச்சிருக்காரே! இதை வச்சு வாதாடச் சொல்றீங்களா?

முகப்புத்தூண்:
நீங்க வக்கீலா, அரசுத் தரப்பா?

ஆச்சிவீட்டுமாப்ள:
கோயில் தெருன்னதும் வயிறெரியுது. பங்காளிகளுக்குள்ள ஒத்து வராம நிலை, தூண், பெல்ஜியம் கண்ணாடின்னு எங்க வளவு வீட்டுல பாதி அந்தத் தெரு வழியாத்தான் போச்சு.

முகப்புத்தூண்:
வித்தவங்களை விட்டுட்டு வாங்கினவங்களைத் திட்டினா எப்படி? ஓடு மாத்தக் காசு யார் தர்றா?

பித்தளைப்பித்தன்:
தூணை விடுங்கப்பா, அந்த டப்பா! கண்டனூராரே, மூடியைத் திறக்காதீங்க, தட்டாதீங்க, குலுக்காதீங்க. உள்ள கரி மருந்தா இருந்தா எத்தனை வருஷம் ஆனாலும் காய்ஞ்சிருந்தா ஒரு பொறி போதும். புகையில்லா மருந்தா இருந்தா நாளாக நாளாகக் கெட்டுப்போய் புளிச்ச நெடி, செம்புகைன்னு வரும், தானாவே பத்திக்கவும் செய்யும். சாக்கடையில கொட்டுறது, அடுப்புல போடுறது ரெண்டும் வேண்டாம். படைப்பு வீடுன்னீங்க, விளக்கும் அடுப்புமா இருக்கும். ஆளுங்களை அந்தக் கட்டுப் பக்கம் விடாம ஸ்டேஷனுக்குப் போன் போடுங்க.

குறிச்சிமணி:
துப்பாக்கி வேணும்னா வாரிசுன்னு உங்க பேர்ல புது லைசென்ஸுக்கு கலெக்டர் ஆபீஸ்ல எழுதிக் கொடுக்கணும். பங்காளிங்க ஆட்சேபணை இல்லைன்னு கையெழுத்து போடுவாங்களா? அதுதான் நம்ம ஊர்ல நடக்காத காரியம். 2019 ஆயுதச் சட்டத் திருத்தத்துக்கு அப்புறம் பொதுவா ஒரு ஆளுக்கு ரெண்டு துப்பாக்கிதான், அதையும் பாத்துக்குங்க.

மூத்தவேட்டை:
நான் முதலிலேயே சொன்னதைத்தான் எல்லோரும் நீட்டி முழக்கியிருக்கிறீர்கள்.

பித்தளைப்பித்தன்:
டப்பாவைப் பத்தி நீங்க ஒரு வார்த்தையும் சொல்லலியே அண்ணே.

கண்டனூர்ப்பேரன்:
ஸ்டேஷன்ல சொன்னேன், ஆள் வந்து டப்பா, தோட்டா, கருவி எல்லாத்தையும் எழுதி வாங்கிட்டுப் போயிட்டாங்க. துப்பாக்கிக்கு அப்பச்சி (அப்பா) மனு போடுறேங்குறாங்க. பஸ் ஏறியாச்சு. நன்றி.

பித்தளைப்பித்தன்:
அடித்தட்டுல என்ன எழுத்துன்னு கடைசி வரைக்கும் சொல்லவேயில்லையே?

முகப்புத்தூண்:
தேக்குப் பெட்டி மட்டும் விலைக்கு உண்டா? பூட்டு பழசா?