ஓடையைக் கடந்ததும் அட்டை மருந்து கழுவிப் போகிறது

வணக்கம். மலேசியாவில் தாப்பா பக்கம், தோட்டத்துக்குப் பின்னால் இருக்கும் சின்ன அருவிக்கு 40 நிமிட நடை. பாதை சுலபம்தான், ஆனால் 3 இடத்தில் முழங்கால் அளவு தண்ணீரில் இறங்க வேண்டும். கரையேறியதும் அட்டை. மழைக்கு மறுநாள் என்றால் ஒரு காலில் 10, 15 ஏறிவிடும்.

அட்டை ஏறாமல் இருக்கக் காலில் தடவும் உப்பு, முதல் ஓடையிலேயே கரைந்துவிடும். புகையிலைத் தண்ணீரில் காலுறையை ஊறவைத்துக் காயவைத்தால் இரண்டாவது ஓடை வரை தாங்கும். சோப்பு தேய்த்தால் பாறையில் வழுக்குகிறது, அது அட்டையைவிட ஆபத்து.

போடுவது ரப்பர் சப்பாத்து, பருத்திக் காலுறை. நூல் மாதிரி குட்டி அட்டை பின்னல் இடுக்கிலேயே நுழைகிறது. கடித்த இடத்தில் ரத்தம் சீக்கிரம் உறையாது. வயதானவர்களும் வருவதால்தான் கவலை.

முழங்கால் வரை வரும் அட்டைக் காலுறை தைக்க, நனைந்தாலும் அட்டை நுழையாத துணி எது?