கொய் தொட்டி: ராத்திரி பம்ப்பை நிறுத்தலாமா? மழைக்காலத்தில் ஃபில்டரை என்ன செய்வது?

தாம்பரம்_தொட்டி
சிமென்ட் தொட்டி, 10 அடி நீளம், 5 அடி அகலம், 3 அடி ஆழம். 9 கொய் (அழகுக்கு வளர்க்கும் வண்ணக் கெண்டை மீன்), ஒரு பானை அல்லி. பம்ப் 40 வாட், மணிக்கு 3000 லிட்டர் என்று பெட்டியில் போட்டிருக்கு. அரை இஞ்ச் ஹோஸ் வழியா 4 அடி மேலே இருக்கிற 200 லிட்டர் டிரம் ஃபில்டருக்கு (ஸ்பான்ஜ், பாக்டீரியா ஒட்டி வளரும் 'பயோ பால்' பிளாஸ்டிக் உருண்டைகள்) ஏறுது. கரண்ட் பில்லுக்காக ராத்திரி 10 முதல் காலை 6 வரை டைமரில் நிற்கும். ஞாயிறு தோறும் எல்லாத்தையும் கழற்றி கார்ப்பரேஷன் குழாய்த் தண்ணியில் கழுவுகிறோம். சித்திரை, வைகாசியில் தண்ணி பச்சைப் பசேல். ஐப்பசி மழை ஆரம்பித்ததிலிருந்து விடிகாலையில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது. மார்கழியில் ஃபில்டரையே நிறுத்தணும் என்று வெளிநாட்டு வீடியோவில் சொல்றாங்க, இங்கேயும் அப்படித்தானா?

பயோபால்
முதலில் டைமரைக் கழற்றுங்க. 40 வாட் × 8 மணி = 0.32 யூனிட். மாதம் 10 யூனிட்கூட வராது. ராத்திரியில் அல்லியும் பாசியும் மீனோடு சேர்ந்து ஆக்சிஜனை இழுக்கும், விடியும் நேரம்தான் அளவு அடிமட்டம். மேகம் மூடிய பகலில் பாசி ஆக்சிஜன் தருவதும் குறையும். அந்த நேரம் பார்த்து பம்ப் நிற்கிறது.

டிரம்முக்குள்ளே, மீன் கழிவிலிருந்து வரும் அமோனியா என்ற விஷத்தைத் தின்னும் பாக்டீரியா இருக்கு, அதற்கும் ஓடுகிற தண்ணியில்தான் மூச்சு. 8 மணி நேரம் தேங்கினால் சாகவும் அழுகவும் ஆரம்பிக்கும். காலையில் பம்ப் போட்டதும் அந்த அழுகல் நேரே மீனிடம் வரும். நீண்ட பவர் கட்டுக்குப் பிறகும் இதே கதை. 3, 4 மணிக்கு மேல் நின்றிருந்தால் டிரம்மின் அடி வால்வைத் திறந்து தண்ணியை வெளியே விட்டுட்டு ஓட்டுங்க.

கழுவுவதில் இரண்டு தப்பு. குழாய்த் தண்ணியில் இருக்கும் குளோரின் பாக்டீரியாவைக் கொல்லும். எல்லாத்தையும் ஒரே நாளில் கழுவினால் மிச்சமும் போகும். ஸ்பான்ஜை மட்டும் தொட்டித் தண்ணியில் ஒரு பக்கெட்டில் பிழிந்து எடுங்க. பயோ பால் பக்கம் வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறைக்கு மேல் போகாதீங்க, அதுவும் பாதி பாதியாக.

காயில்_கணேசு
பெட்டியில் இருக்கிற 3000, உயரமே ஏறாதபோது வரும் அளவு. தண்ணி மட்டத்திலிருந்து குழாய் வாய் வரைதான் உயரக் கணக்கு, பம்ப் எவ்வளவு ஆழத்தில் இருக்கு என்பது கணக்கில் வராது. 20 லிட்டர் பக்கெட் நிறைய எத்தனை வினாடி என்று பார்த்துச் சொல்லுங்க.

தாம்பரம்_தொட்டி
48 வினாடி.

காயில்_கணேசு
அப்போ மணிக்கு 1500 லிட்டர். தொட்டி சுமார் 4250 லிட்டர், ஒரு சுற்றுக்கு மூணு மணி நேரம் ஆகுது. கொய்க்கு இரண்டு மணிக்குள் முடியணும். புது பம்ப் வாங்கும் முன் அரை இஞ்ச் ஹோஸை 1 இஞ்ச் ஆக்குங்க, குறைகிற வேகத்தில் கிட்டத்தட்ட பாதி அந்த உரசலில்தான் போகுது. போர் தண்ணி ஊற்றினால் இம்பெல்லரில் (பம்ப்புக்குள் சுழலும் விசிறி) வெள்ளை உப்புப் படியும், சத்தம் 'கர்ர்' என்று மாறும். வெள்ளை வினிகரும் தண்ணியும் சரிபாதி கலந்து ஒரு மணி நேரம் ஊற வைத்து பல் பிரஷ்ஷால் தேய்க்கணும். இம்பெல்லரின் செராமிக் தண்டை நெம்பினால் பட்டென்று ஒடியும், நேராக இழுங்க. இன்வெர்ட்டரில் ஓட்டினால் சைன் வேவ் மட்டும், ஸ்கொயர் வேவில் மோட்டார் உறுமிச் சூடாகும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்ததும் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாமல் தண்ணிக்குள் கை வைக்காதீங்க.

பயோபால்
மழைக்கு வருவோம், நம்ம ஊரில் ஆபத்தான சீசன் அதுதான். மழைத் தண்ணியில் காரத்தன்மை கிட்டத்தட்ட கிடையாது. தொட்டியில் இருப்பதை நீர்த்துப்போகச் செய்யும், பி.எச். சரியும் (தண்ணி அமிலப் பக்கம் போகும்), பாக்டீரியா வேலையை நிறுத்தும். டெஸ்ட் கிட்டில் கே.எச். (காரத்தன்மையின் அளவு), பி.எச்., அமோனியா மூணும் பாருங்க.

தாம்பரம்_தொட்டி
கே.எச். 2 டிகிரி, பி.எச். 6.4, அமோனியா 1.

பயோபால்
பி.எச்.-ஐ ஏற்ற அவசரப்பட்டு சமையல் சோடாவைக் கொட்டாதீங்க. பி.எச். 7-ல் அமோனியாவில் விஷமாக நிற்பது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அதுவே 8.5-ல், 30 டிகிரி சூட்டில் ஐந்தில் ஒரு பங்கு. அதனால் தீனியை நிறுத்திட்டு, தினம் 15 சதவீதம் போர் தண்ணி மாற்றுங்க. பெரும்பாலான போர் தண்ணியில் கே.எச். தாராளமாக இருக்கும். அமோனியா இறங்கிய பிறகும் கே.எச். ஏறலைன்னா சமையல் சோடா. 1000 லிட்டருக்கு 30 கிராம் போட்டால் ஒரு டிகிரி கூடும். உங்கள் தொட்டியின் கே.எச்.-ஐ 2-லிருந்து 5-க்குக் கொண்டுவர 380 கிராம், மூணு நாளாகப் பிரித்து, பக்கெட்டில் கரைத்து ஊற்றுங்க. தொட்டி விளிம்பு தரையைவிட நாலு இஞ்ச்சாவது உயரமா? இல்லைன்னா தோட்டத்து உரமும் சேறும் உள்ளே வரும்.

இன்னொன்று, 4250 லிட்டருக்கு 9 கொய் ரொம்ப அதிகம். நாலைந்து போதும்.

கோடை_நிழல்
வெயில் காலத்துக்கு: 20 டிகிரித் தண்ணியில் லிட்டருக்கு 9 மில்லி கிராம் ஆக்சிஜன் கரையும், 30-ல் ஏழரைதான். ஏர் பம்ப் சேருங்க. அதைத் தண்ணி மட்டத்துக்கு மேலே வைங்க, இல்லைன்னா கரண்ட் போனதும் ட்யூப் வழியா தண்ணி பின்னாடி ஏறும். பச்சைக்கு 18 வாட் யூவி (புற ஊதா) விளக்கு, 50 சதவீத நிழல் வலை. யூவி மிதக்கும் பாசியைத்தான் கொல்லும், சுவரில் தொங்கும் நூல் பாசியை ஒன்றும் செய்யாது. முதல் வாரம் செத்த பாசி ஸ்பான்ஜை அடைக்கும், இரண்டு நாளுக்கு ஒருமுறை பிழியணும். பல்பு எரிந்தாலும் வருஷம் ஒருமுறை மாற்றுங்க. வற்றியதை நிரப்பிக்கொண்டே இருந்தால் மட்டும் போதாது, உப்பு உள்ளேயே ஏறிக்கொண்டு போகும். வாரம் 10 சதவீதமாவது வெளியே விட்டு மாற்றுங்க.

உதகை_அல்லி
மார்கழி பற்றி: அந்த வீடியோக்கள் மேலே ஐஸ் படியும் ஊருக்கு. 4 டிகிரித் தண்ணிதான் ரொம்ப கனம், அடியில் தங்கும், மீன் அங்கே ஒதுங்கும். பம்ப் கலக்கினால் அதுவும் குளிர்ந்துபோகும், அதனால் நிறுத்துறாங்க. சென்னையில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை, ஃபில்டர் வருஷம் முழுக்க ஓடணும். ஊட்டியில்கூட உறைபனி ராத்திரிகளில் அருவிக் குழாயை மட்டும் மூடி, பம்ப்பை அடியிலிருந்து ஒரு அடி தூக்கி வைத்தால் போதும். தண்ணி 10 டிகிரிக்குக் கீழே போனால் தீனி போடாதீங்க, குடலிலேயே தங்கிவிடும்.

தாம்பரம்_தொட்டி
டைமரை எடுத்தாச்சு. 1 இஞ்ச் ஹோஸ் போட்டதும் பக்கெட் 33 வினாடியில் நிறையுது.

காயில்_கணேசு
மணிக்கு 2180. இந்த பம்ப்பே போதும். மூணு மாதத்துக்கு ஒருமுறை பக்கெட்டை வைத்துப் பாருங்க, 40 வினாடியைத் தாண்டினால் இம்பெல்லரைக் கழற்றுங்க.